வாளி நிறையும் சத்தம்

எங்கள் வீட்டில் அழுவதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்த வேண்டும். வாளியைப் பைப்புக்குக் கீழே வைத்து, பைப்பை முழுதாகத் திறந்துவிட வேண்டும். வெறும் வாளியில் தண்ணீர் விழும்போது பெரிய சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்குள் அழ வேண்டும். வாளி நிறைய நிறையச் சத்தம் இறங்கிக்கொண்டே போகும். அதற்குள் அழுது முடித்து, முகத்தைக் கழுவி, வெளியே வந்து, "தேத்தண்ணி போடட்டா?" என்று சாதாரணமாகக் கேட்க வேண்டும். தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு மறுபடி வெறும் வாளியை வைக்கலாம்தான். ஆனால் அழுவதற்காகத் தண்ணீரை வீணாக்குவதா என்று அம்மா விடமாட்டார்.

சிரிப்பு வருகிறதா? வரட்டும். எனக்கே சில நேரம் வரும். இப்போது நாற்பதைத் தாண்டி, வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் புருஷனோடும் மகளோடும் இருக்கிறேன். என்னைச் சுற்றி நாலு மாடியிலும் தமிழ்ச் சனம்தான். ஆனாலும் அழுகை வந்தால் என் கால் பாத்ரூமுக்குத்தான் நடக்கும். என் மகள் என் மூக்கை எடுத்துக்கொண்டாள், என் சுருட்டைத் தலைமயிரை எடுத்துக்கொண்டாள். எடுக்கட்டும். இந்த வாளியை மட்டும் அவள் எடுக்கக் கூடாது என்பதுதான் அவள் பிறந்த நாளிலிருந்து என்னுடைய ஒரே மன்றாட்டம்.

நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில், ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில். கீழே வீட்டுக்கார நோனா இருந்தார். சிங்கள மனுசி, விதவை. மேலே நாங்கள் மூன்று பேர்: அம்மா, துறைமுகப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியில் கிளாக்காக இருந்த அப்பா, நான். அது சண்டைக் காலம். கொழும்பில் தமிழ்ச் சனத்துக்கு வீடு கொடுப்பதென்றால் கொடுப்பவருக்கும் தலையிடி. பொலிசில் போய்ப் பதிய வேண்டும், இரவில் வந்து தட்டினால் எழும்பிப் பதில் சொல்ல வேண்டும். நோனா அதையெல்லாம் முகம் கோணாமல் செய்தார். "தங்கமான மனுசி. இவவை விட்டா வேற ஆர் தருவினம்?" என்று அம்மா கிழமைக்கு ஒரு தரமாவது சொல்வார்.

அதற்குப் பதிலாக நாங்கள் செய்ய வேண்டியது கனக்க இல்லை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மரப்படியில் செருப்போடு ஏறக் கூடாது. பொழுதுபட்ட பிறகு உரலில் இடிக்கக் கூடாது. சத்தம் போடக் கூடாது. ஆணி அடிக்கக் கூடாது என்பதால் எங்கள் மாதா படம் எப்போதும் அலுமாரிக்கு மேலே சாய்ந்தபடியே நின்றது. முழங்காலில் நின்று செபம் சொல்லும்போது மாதாவும் கொஞ்சம் பின்னால் சாய்ந்து, எங்களைச் சந்தேகமாகப் பார்ப்பது போலவே எனக்கு இருக்கும்.

நோனாவுக்கு என்னில் உயிர். நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது வாசலில் நின்று என் கன்னத்தைக் கிள்ளுவார். "மகே துவ, சத்தயக்வத் நே" என்று பக்கத்து வீட்டு ஆட்களிடம் காட்டுவார். என்ர மகள், ஒரு சத்தம்கூட இல்லை. எனக்குப் பெருமை தாங்காது. மற்றப் பிள்ளைகளைக் கெட்டிக்காரி என்பார்கள், வடிவான பிள்ளை என்பார்கள். என்னை மட்டும் இல்லாத ஒன்றுக்காகப் புகழ்ந்தார்கள்.

ஒரு தரம் நான் அதைக் கெடுத்துக்கொண்டேன். நத்தாருக்கு முந்திய கிழமை. பாலன் குடிலுக்குத் தொங்கவிட என்று மூங்கில் ஈர்க்கிலும் டிஷ்யூ பேப்பரும் வைத்து நானே ஒரு வெள்ளி, ஐந்து முனை நட்சத்திரம், செய்திருந்தேன். நோனாவின் பேரன், என் வயதுதான், அதை வாங்கிப் பார்க்கிறேன் என்று வாங்கி, விரலை விட்டு ஒவ்வொரு முனையாகக் கிழித்தான். கிழித்துக்கொண்டு என் முகத்தையும் பார்த்தான். எனக்குள் எங்கே இருந்ததோ தெரியாது, அப்படி ஒரு குரல் வந்தது. "நாயே, எருமை மாடே, என்ர வெள்ளியைத் தாடா!" என்று படி முழுக்கக் கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று மேலே பார்த்தார்கள். கடவுளே, அந்தக் குரல்! அது என்னுடையது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

பின்னேரம் நோனா மேலே வந்தார். கோபமே இல்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய குரலில், பிள்ளைகள் என்றால் சண்டை வரும்தானே மிஸ், ஆனால் ஒழுங்கையில் நடந்து போன இரண்டு பேர் கேட்டார்கள், இங்கே தமிழில் யார் கத்துவது என்று, அதுதான் சொல்ல வந்தேன் என்றார். அந்த நாட்களில் ஒழுங்கையில் இரண்டு பேர் கேட்பது சின்ன விஷயம் இல்லை. அம்மா சிரித்துச் சிரித்து மன்னிப்புக் கேட்டு, நோனாவைப் படி வரைக்கும் கொண்டுபோய் விட்டார். கதவைச் சாத்திவிட்டு வந்து என் நாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார். அடி விழப்போகிறது என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"சத்தம் போட்டா இருக்க விடமாட்டினம். விளங்குதா பிள்ளை? அழுகை வந்தா பைப்பைத் திறந்துபோட்டு அழு. கோவம் வந்தாலும் அங்க போ."

யார் இருக்க விடமாட்டார்கள் என்று அம்மா சொல்லவில்லை. நோனாவைத்தான் சொல்லியிருப்பார். எனக்கு அது நோனாவோடு நிற்கவில்லை. பள்ளிக்கூடத்துச் சிஸ்டர்மார், என் கூட்டாளிகள், அப்பா, ஏன் அம்மாகூட, ஆருமே சத்தம் போடுகிற என்னை இருக்க விடமாட்டார்கள் என்றுதான் என் சின்ன மண்டைக்குள் போய் உட்கார்ந்தது. சித்திரை வருசப் பிறப்புக்கு நோனா வழக்கம்போலக் கெவும், கொக்கிஸ் என்று எண்ணெய்ப் பலகாரம் எல்லாம் தட்டில் வைத்துக் கொண்டுவந்து, "இப்ப பழையபடி நல்ல பிள்ளை, சத்தமே இல்லை" என்று சிங்களத்தில் சொல்லி என் தலையைத் தடவினார். நான் அந்தக் கெவுமை எண்ணெய் வழிய வழிய, ஆசை ஆசையாகத் தின்றேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மா எனக்குச் சொல்லித் தந்ததைத் தானும் செய்தார், அதையும் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது, அம்மாவின் ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பெண் அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டு ஏதோ காதுக்குள் சொன்னார். வடக்கில் இருந்த என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, ஷெல் விழுந்து செத்துப்போனார் என்ற செய்தி. அம்மா தலையை ஆட்டினார். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழியில் பேக்கரியில் நின்று, ஒரு றாத்தல் பாண் கேட்டு, அது நேற்றையதா இன்றையதா என்று சிங்களத்தில் விசாரித்து வாங்கினார். வீட்டுக்கு வந்து பாணை மேசையில் வைத்துவிட்டுப் பாத்ரூமுக்குள் போனார். பைப் திறந்த சத்தம் கேட்டது.

அன்றைக்கு ஒருநாள்தான் அம்மா தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினார். வாளி நிறையும், கவிழும், மறுபடி வெறும் வாளியில் தண்ணீர் விழும். நான் கதவுக்கு வெளியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கீழே இருந்து நோனா கேட்டார், என்ன மிஸ், இன்றைக்கு இவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று. உள்ளே இருந்து அம்மாவின் குரல், சிங்களத்தில், நல்ல தெளிவாக, சிரிப்பும் கலந்து வந்தது.

"பெட்ஷீட் தோய்க்கிறன் நோனா!"

சொன்ன பிறகு தோய்க்காமல் விட முடியுமா? அம்மா வெளியே வந்து, முந்தைய நாள்தான் விரித்திருந்த படுக்கை விரிப்புகளை உருவினார். துப்புரவான விரிப்புகளுக்குச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்தோம். ஒரு முனையை நான் பிடிக்க, மறு முனையை அம்மா முறுக்கினார். மொட்டைமாடிக் கொடியில் எல்லாவற்றையும் விரித்தோம். நோனா முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, அடேயப்பா, என்ன வெள்ளை என்று பாராட்டினார். பின்னேரம் அப்பா வந்தார். கொடியைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார். வானொலியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். பிறகு மூன்று பேரும் அந்தப் பாணைச் சாப்பிட்டோம்.

இப்படி வளர்ந்த பெண்ணுக்கு எந்த வேலை கிடைக்கும்? ஒரு காப்புறுதிக் கம்பனியில் முறைப்பாட்டு மேசை கிடைத்தது. கத்துகிற ஆட்களை எல்லாம் என்னிடம்தான் அனுப்புவார்கள். சிங்களத்தில் கத்துவார்கள், தமிழில் கத்துவார்கள், ஆங்கிலத்தில் கத்துகிறவர்கள் மேசையையும் தட்டுவார்கள். நான் எல்லாருக்கும் அந்தந்த மொழியில் சிரித்து, இருங்கோ, பார்ப்போம் என்பேன். மூன்று மொழியிலும் என் குரல் ஒரே உயரத்தில்தான் நிற்கும். "உங்களுக்குக் கோவமே வராதா மிஸ்?" என்று கேட்பார்கள். வராமலா! பின்னேரம் வீட்டுக்குப் போனால் வாளி இருக்கிறது.

என் புருஷனையும் அந்த மேசையில்தான் கண்டேன். வத்தளைக்காரர். மோட்டார்சைக்கிள் இடித்த காசு வரவில்லை என்று கத்துவதற்கு வந்தார். கத்தினார் என்றால் அடேயப்பா, மாடி முழுக்க எழும்பிப் பார்த்தது. நான் சிரித்தபடி வேலையைச் செய்து கொடுத்தேன். அடுத்த நாள் ஒரு கேக் பெட்டியோடு வந்து நின்றார். "நேற்று நான் அவ்வளவு கத்தினனான். நீங்க முகம்கூடச் சுளிக்கேல்ல. எனக்கு இரவு நித்திரையே வரேல்ல" என்றார். அதற்குப் பிறகு முறைப்பாடு ஒன்றும் இல்லாமலே வரத் தொடங்கினார். கலியாணம் கேட்ட அன்றைக்கு, உங்களில் எனக்குப் பிடித்தது இந்த அமைதிதான் என்றார். எனக்கு அப்போது எப்படி இருந்தது தெரியுமா? நல்ல இடத்தில் ஒரு வீடு கிடைத்த மாதிரி இருந்தது. என்ன நிபந்தனையில் கிடைத்தது என்பதும் தெரிந்தது.

கலியாணத்துக்கு முந்தி ஒரு ஞாயிறு அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். கடவுளே, அது வீடா சந்தையா? மீன் குழம்புக்குப் புளி கூடிவிட்டது என்பதில் தொடங்கி, மாமியும் மைத்துனியும் குசினிக்குள் பிடித்த சண்டை றோட்டுக்குக் கேட்டது. மைத்துனி அகப்பையை எறிந்தாள். அது யன்னல் கம்பியில் பட்டு நங் என்றது. "நீ என்ர வயித்தில பிறந்தனியா, இல்லாட்டி உன்னை ஆஸ்பத்திரியில மாத்தித் தந்தவங்களா?" என்று மாமி நெஞ்சில் அடித்துக்கொண்டு கேட்டார். நான் கதிரை நுனியில் இருந்தேன். இனி இந்தக் குடும்பம் முடிந்தது, ஆரோ ஒருவர் பெட்டியைக் கட்டப்போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் சாப்பிட இருந்தார்கள். மாமி பெரிய மீன் தலையை எடுத்து அகப்பை எறிந்தவளின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். அவள் "புளி பரவாயில்லையம்மா" என்று தின்றாள்.

எனக்கு அந்த மீன் தலையை மறக்க முடியவில்லை. கத்திய பிள்ளைக்குத்தான் பெரிய துண்டு. அப்படியும் ஒரு வீடு இருக்கலாம் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. பொறாமையாக இருந்தது. மாமி என் பக்கம் திரும்பி, "இந்தப் பிள்ளைக்கு வாயே இல்லை, அருமையான பிள்ளை" என்று எனக்கும் ஒரு நல்ல துண்டு வைத்தார். நான் சிரித்துக்கொண்டு சாப்பிட்டேன்.

வெள்ளவத்தைக்குக் குடி வந்தோம். காலையில் மீன்காரர் தமிழில் கூவிக்கொண்டு போவார், மேல் வீட்டு மாமி பால்கனியில் நின்று கீழ் வீட்டு மாமியோடு கோயில் விஷயம் கதைப்பார், ரயில் வேறு கடற்கரைப் பக்கம் தடதடக்கும். என் குரலை அங்கே கேட்டு ஆர் என்ன செய்யப்போகிறார்கள்? ஒருவரும் ஒன்றும் செய்யப்போவதில்லை. ஆனால் என் புருஷன் வீட்டுக்கு வந்து ஏதாவது சொல்லி எனக்குச் சுருக்கென்றால், நான் "ஓம், பரவாயில்லை" என்றுவிட்டுப் பாத்ரூமுக்குப் போவேன். அவர் சண்டை பிடிக்கப் பார்ப்பார். வத்தளை ரத்தம்தானே. ஒரு ஆளாக எவ்வளவு நேரம் சண்டை பிடிக்க முடியும்? போகப்போக அவரும் விட்டுவிட்டார். எங்களைப் பார்த்து, என்ன ஒற்றுமையான சோடி என்று மேல் வீட்டு மாமி சொன்னார்.

என் அம்மா செத்த கிழமைதான் அவருக்கு விஷயம் தெரிந்தது. கொட்டாஞ்சேனையில் அடக்கம். அப்பா முன்னமே போய்விட்டார், அதனால் எல்லாவற்றுக்கும் நான்தான் நிற்க வேண்டும். வந்தவர்களுக்குக் கதிரை போட்டேன், சோடா கொடுத்தேன், அடக்கம் செய்ய வந்த சுவாமிக்குக் கார் பிடித்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. "கல்லு நெஞ்சு" என்று ஒருத்தி இன்னொருத்திக்குச் சொன்னது என் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து நேராகப் பாத்ரூமுக்குள் போய்ப் பைப்பைத் திறந்தேன். தண்ணீர் இல்லை. ஃபிளாட்டின் மோட்டார் எரிந்துபோயிருந்தது. பைப் ஒரு தரம் செருமிவிட்டு நின்றது.

அழ முடியவில்லை. எவ்வளவு முயன்றும் முடியவில்லை. வெறும் வாளியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பெற்ற தாய்க்கு அழுவதற்கு எனக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. என் புருஷன் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திறந்துகொண்டு வந்தார்.

"தண்ணி இல்லாத பைப்பைத் திறந்துவச்சுக்கொண்டு என்ன செய்யிறாய்?"

களைப்பில் உண்மை வந்துவிட்டது. சொன்னேன். நோனா, படி, வெள்ளி, பெட்ஷீட், எல்லாம் சொன்னேன். கட்டிப்பிடிப்பார் என்று நினைத்திருக்கலாம் நீங்கள். நானும் நினைத்தேன். அவர் கதவு நிலையில் சாய்ந்து நின்றார்.

"அப்ப இவ்வளவு வருசமா நான் கேட்ட தண்ணிச் சத்தம் எல்லாம்…" என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு, "நான் உன்னைச் சந்தோசமா வச்சிருக்கிறன் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டு இருந்தனான். நீ என்னட்ட ஒரு நாள் எண்டாலும் கோவிச்சிருக்கலாமே. என்னை நம்பேல்லையா நீ?" என்றார். அவர் குரல் உடைந்தது. அவர் பைப்பைத் திறக்கவில்லை, கதவைச் சாத்தவில்லை, அப்படியே நின்று அழுதார். எனக்கு அது வெட்கமாக இருந்தது. மேல் வீட்டுக்குக் கேட்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு மிகவும் மரியாதையாக இருக்கிறார். நானும் மரியாதையாக இருக்கிறேன். ஒரே வீட்டின் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்த இரண்டு நல்ல மனுசர் போல இருக்கிறோம்.

எனக்கு மிச்சம் இருந்த நம்பிக்கை எல்லாம் மகள்தான். அவள் பிறந்தபோதே லேபர் றூம் அதிரக் கத்தினாள். "இவ அரசியலுக்குத்தான் போவா" என்று நேர்ஸ் சொன்னார். நான் படுத்தபடியே சிரித்தேன். கத்து குஞ்சு, கத்து என்றேன். படிக்கட்டில் ஏறும்போதே பள்ளிக்கூடத்துக் கதையைக் கத்திக்கொண்டு வருவாள். பேரன் பேத்தி எல்லாரிலும் இவள்தான் தன்னைப் போல என்று மாமிக்குப் பெருமை, பெரிய புளுகம். நான் ஒருநாளும் அவளைச் சத்தம் போடாதே என்று சொன்னதில்லை. சத்தியமாகச் சொன்னதில்லை. அவள் ஃபிளாட் படியில் நின்று கத்தும்போதெல்லாம் என் முகம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாதுதானே. அதை அவள்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஒரு தரம், இன்னும் நேர்சரிக்குப் போகிற காலத்தில், பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். "அம்மா, நீங்க குளிக்கிறீங்களா, அழுறீங்களா?"

"குளிக்கிறன் செல்லம்" என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு நாள், அவள் பள்ளிக்கூட வேனால் இறங்கி வந்தாள். படியில் சத்தம் இல்லை. "எப்பிடி இண்டைக்கு?" என்றேன். "நல்லம் அம்மா" என்றாள். நான் குசினியில் பயற்றங்காய் வெட்டிக்கொண்டு நின்றேன், தலையை நிமிர்த்தவில்லை. பாத்ரூமில் பைப் திறக்கும் சத்தம் கேட்டது. கை கழுவுகிறாள் என்று நினைத்தேன். தண்ணீர் வாளியில் விழுந்தது. முதலில் பெரிதாக, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி. நடுவில் கை அளையும் சத்தம் இல்லை, துணி அலசும் சத்தம் இல்லை. தண்ணீர் மட்டும்தான் விழுந்தது. கத்தி என் கையிலேயே இருந்தது.

கதவு பூட்டியிருக்கவில்லை. வெள்ளை யூனிஃபோமோடு, டையும் கழற்றாமல், சின்ன ஸ்டூலில் முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு இருந்தாள். ஒரு கையால் வாயைப் பொத்தியிருந்தாள். அந்த வாயைப் பொத்துவதை என் அம்மாவும் செய்ததில்லை, நானும் செய்ததில்லை. அது அவளாகவே கண்டுபிடித்தது.

நான் பைப்பை மூடினேன். பைப்போடு அவளும் நின்றாள். அழுகை அப்படியே நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் முறைப்பாட்டு மேசையில் இத்தனை வருசமாகச் சிரித்து வருகிறேன்.

"சொக்ஸ் கழுவினனான் அம்மா" என்றாள். சொக்ஸ் இரண்டும் அவள் காலில் இருந்தன.

கெஞ்சிக் கேட்ட பிறகு சொன்னாள். பள்ளிக்கூடக் கொன்சேட்டுக்குப் பாட்டுப் பழக்கினார்களாம். அவளுடைய குரல்தான் பெரிசாம். "மிஸ் சொன்னவ, உன்ர சத்தம் மற்றப் பிள்ளையளை அமத்துது, நீ பின்னால போய் நிண்டு வாயை மட்டும் அசை எண்டு."

"எல்லாருக்கும் முன்னாலயா சொன்னவ?"

"ஓம். நான் வாயை மட்டும் அசைச்சனான். பிறகு மிஸ் குட் கேர்ள் எண்டு இதைத் தந்தவ." கையை நீட்டிக் காட்டினாள். புறங்கையில் ஒரு பொன்னிற வெள்ளி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதைத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"நான் நல்ல பிள்ளைதானே அம்மா?"

ஓம் என்று சொல்ல என் வாய் உன்னியது. ஓம் என்றால் அதுவே அந்தக் கெவும் தட்டு. இல்லை என்றால் பிள்ளை செத்துவிடும். நான் அவள் முன்னால் ஈரத் தரையில் இருந்தேன்.

"நீ நல்ல பிள்ளையா இருக்கத் தேவையில்லை குஞ்சு. கத்தினாலும் நீ என்ர பிள்ளைதான். இப்ப அழு, பெரிசா அழு. கதவைத் திறந்துவைப்பம், கேக்கிறவை கேக்கட்டும்."

அவள் என்னை ஏதோ பொறியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "வேண்டாம் அம்மா. எனக்கு முடிஞ்சுது."

எனக்கு முடியவில்லை. வயிற்றுக்குள் இருந்து வந்தது. படியில் நின்று எருமை மாடே என்று கத்திய அதே குரல், இத்தனை வருசத்துக்குப் பிறகு, கிழிந்துபோய் வந்தது. அம்மாவுக்காக வந்தது, என் புருஷன் கதவு நிலையில் அழுததற்காக வந்தது, அந்தப் பின்வரிசைக்காக வந்தது. தண்ணீர் இல்லை, கதவு சாத்தவில்லை. என் அழுகை எவ்வளவு அசிங்கமான சத்தம் என்று முதல்முறையாக என் காதாலேயே கேட்டேன். நிறுத்தத் தெரியவில்லை.

மகள் என்னைப் பார்த்தாள். யன்னலைப் பார்த்தாள், திறந்திருந்த கதவைப் பார்த்தாள். எழும்பி வந்து என் தலையை இரண்டு தரம் தடவினாள். பிறகு போய்க் கதவை மெதுவாகச் சாத்தினாள். வாளியை இரண்டு கையாலும் பிடித்து, முக்கி, இருந்த தண்ணீரையெல்லாம் கவிழ்த்துக் கொட்டினாள். வெறும் வாளியைப் பைப்புக்குக் கீழே நேராக வைத்து, பைப்பை முழுதாகத் திறந்துவிட்டாள்.

"இப்ப அழுங்கோ அம்மா," என்றாள். "ஒருத்தருக்கும் கேக்காது."